பாதி பாரம்தான் பயம்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மெல்போர்ன்ல இருந்து மச்சினன் போன். அங்க விடியக்காலை. அந்நேரத்துக்கு அவன் கூப்பிட்டா எனக்கு முதல்ல வயித்தைக் கலக்கும். "அத்தான், ஒண்ணும் இல்ல, ஒரு கேரவன் வாங்கிட்டேன்"னான். அதுக்கப்புறம்தான் நிஜமாவே வயித்தைக் கலக்குச்சு :-)

நம்ம ஆளுங்களுக்கு கேரவன்னா ஷூட்டிங் ஸ்பாட்ல நடிகருங்க ஏசி போட்டு உக்காந்திருக்குற வண்டிதான் ஞாபகம் வரும். இது அது இல்லைங்க. இஞ்சின் கிடையாது. சக்கரம் வச்ச சின்ன வீடு. உள்ள கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் இருக்கும். காருக்குப் பின்னாடி கொக்கி போட்டு இழுத்துக்கிட்டுப் போய் ஏதாவது கடற்கரையில நிறுத்தி நாலு நாள் தங்கிட்டு வருவாங்க. ஆஸ்திரேலியாவுல அது பெரிய பழக்கம்.

அவனோட கேள்வி இதான். "அத்தான், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்னு ஒண்ணு மாட்டணுங்கறாங்க. கடையில மூணு மாடல் காட்டுறாங்க. எதை வாங்கட்டும்? நீங்க டிராக்டர் டிரெய்லர்லயே பொழுது போக்குனவராச்சே!"

மூணு படமும் அனுப்பினான். பார்த்தேன். ரெண்டு நாள் யோசிச்சேன். அவனுக்குச் சொன்னதை இங்கயும் எழுதி வச்சிடலாம்னுதான் இந்தப் பதிவு. ஏன்னா அந்தக் கொக்கியைப் பத்தி யோசிக்கப் போய், முப்பது வருஷமா எனக்குள்ள கிடக்குற ஒரு சமாச்சாரம் கிளம்பி வந்துடுச்சு. நெடுங்காட்டுல இன்னிக்கும் தை, மாசி அறுப்பு சமயத்துல தினம் தினம் ரோட்டுல போற சமாச்சாரம் அது.

முதல்ல அந்தக் கொக்கி என்ன பண்ணுதுன்னு பார்த்துடுவோம்.

2000 கிலோ கேரவன்னு வச்சுக்குங்க. அதுல சுமார் பத்துல ஒரு பங்கு, அதாவது 200 கிலோ, காரோட கொக்கி மேல உக்காரணும்ங்கறது அங்க உள்ள பொது வழக்கம். அமெரிக்காவுல பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம்னு சொல்றாங்க. அதுக்குக் குறைஞ்சா கேரவன் பின்னாடி பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். நெளிச்சல் அதிகமானா காரையும் சேர்த்து இழுத்து ரோட்டை விட்டு வெளிய போட்டுடும்.

சரி, 200 கிலோ கொக்கி மேல உக்காந்தாச்சு. கொக்கி இருக்குற இடம் காரோட பின்சக்கரத்துக்கும் பின்னாடி. ஒரு 1.2 மீட்டர்னு வைங்க. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல 2.8 மீட்டர். இப்ப இது சீசா கணக்கு. பின்சக்கரம்தான் நடு முட்டு. வால் பக்கம் 200 கிலோ அமுக்கினா மூக்குப் பக்கம் சுமார் 86 கிலோ தூக்கும். அந்த 86-ம் சேர்ந்து பின்சக்கரத்து மேல 286 கிலோவா இறங்கும். கார் வால் தாழ்ந்து மூக்கு தூக்கி நிக்கும். ஹெட்லைட்டு எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். ஸ்டியரிங் லேசாயிடும். பிரேக் போட்டா முன்சக்கரம் சரியாப் பிடிக்காது.

இதைச் சரி பண்ணத்தான் இந்த ஹிட்ச். ரெண்டு ஸ்பிரிங் கம்பி இருக்கும். ஒரு முனை காரோட கொக்கித் தலையில செருகியிருக்கும். மறுமுனையை கேரவனோட முன் சட்டத்துல சங்கிலி போட்டு மேல இழுத்து வளைச்சு மாட்டுவாங்க. காருக்குப் பின்னாடி ரெண்டு நீளமான கைப்பிடி வச்சு, ஒரு பயில்வான் நின்னு மேல தூக்கிப் பிடிச்சிருக்குற மாதிரி நினைச்சுக்குங்க. காரோட வால் எழும்பும், மூக்கு இறங்கும். முன்சக்கரம் இழந்ததுல பாதி, ஒரு 43 கிலோ, திரும்பி வந்தா, கொக்கியில இருந்து கேரவன் சக்கரம் 4 மீட்டர் தள்ளி இருக்குற பட்சத்துல, கேரவன் சக்கரத்துக்கும் 23 கிலோ போகும். பின்சக்கரத்துல 286 இருந்தது 220 ஆகும்.

கூட்டிப் பாருங்க. கூட்டுத்தொகை அதே 2000-தான். ஒரு கிலோ கூடக் குறையல. இடம்தான் மாறுச்சு. ஆனா கடையில இதை வாங்குற பாதிப் பேரு 'இதை மாட்டினா இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்'னுதான் நினைக்கிறாங்களாம். கார் கம்பெனிக்காரன் இவ்வளவுதான் இழுக்கலாம்னு போட்ட அளவு, கொக்கி தாங்கும்னு போட்ட அளவு, ரெண்டும் இதை மாட்டினதால மட்டும் தானா ஏறிடாது.

இதெல்லாம் பெரிய புது விஞ்ஞானம்னு நினைச்சிடாதீங்க. நம்ம ஊர் வண்டிக்காரங்களுக்கு இது அத்துப்படி. அவங்க இதுக்கு ரெண்டே வார்த்தை வச்சிருந்தாங்க. முன்பாரம், பின்பாரம்.

மாட்டு வண்டியில மூட்டை அடுக்கும்போது அச்சுக்கு முன்னாடி ஜாஸ்தியாப் போனா முன்பாரம். நுகத்தடி மாட்டுக் கழுத்தை அமுக்கும், மாடு பத்தடி போறதுக்குள்ள நுரை தள்ளும். பின்னாடி ஜாஸ்தியானா பின்பாரம். மூக்கணை மேல தூக்கிக்கும், பூட்டாங்கயிறு மாட்டோட கழுத்தை இறுக்கும். அதனால மூட்டை ஏத்தி முடிச்சதும் வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால தூக்கிப் பார்ப்பார். கொஞ்சமா கனக்கணும். கனக்காம வந்தாலும் தப்பு, ஒரு ஆளால தூக்க முடியலைன்னாலும் தப்பு. மச்சினனுக்குக் கடைக்காரன் சொன்ன பத்து சதவீதம் கிட்டத்தட்ட அந்த 'கொஞ்சமா'தான்.

இன்னொண்ணு. மதகு ஏத்தம் வந்தா வண்டிக்காரர் இடத்தை விட்டு நகர்ந்து மூக்கணைப் பக்கம் வந்து உக்காருவார். ஏத்தத்துல பாரம் பின்னாடி சாயும், அதைச் சரிக்கட்ட அவர் உடம்பையே எடைக்கல்லா வைப்பார். சின்ன வயசுல எங்களை "முன்னாடி வாங்கடா, முன்னாடி வாங்கடா"ன்னு அவர் கூப்பிட்டதெல்லாம் பாசத்துலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் :-)

டிராக்டர் வந்துச்சு. மாடு போச்சு. மாட்டோட அந்தக் கை அளவும் போச்சு. மாட்டுக்கு வலிச்சா நின்னுடும். டிராக்டருக்கு வலிக்காது. இழுத்துக்கிட்டே இருக்கும், இழுக்க முடியாத நிமிஷம் வரைக்கும்.

இனிமேதான் நான் சொல்ல வந்தது.

1993. மாசி மாசம். எங்க பெரியப்பா வீட்டு டிராக்டர், ரெண்டு சக்கர டிரெய்லர். நான் காலேஜ் முடிச்சுட்டு வேலை தேடுறேன்னு பேர் பண்ணிக்கிட்டுத் திரிஞ்ச காலம். எனக்குக் கொடுத்த உத்தியோகம் மூட்டை எண்ணி நோட்டுல எழுதுறது. களத்துல இருந்து நெல் ஏத்தியாச்சு. பெட்டி முழுக்க ஒரே சீரா அடுக்கின பாரம். பாதி மூட்டை ஒரு ஆளுக்கு, பாதி மூட்டை வாய்க்காலுக்கு அந்தாண்ட இன்னொரு ஆளுக்கு.

முதல் இடத்துல நிறுத்தினோம். லோடுமேன் அண்ணன் கேட்டார், "தம்பி, எப்படி இறக்கட்டும்?" அவர் என்னை விட இருபது வயசு மூத்தவர். ஆனா நோட்டு என் கையில இருந்துச்சே. "பின்கதவைத் தொறந்து பின்னாடி பாதியை அப்படியே இறக்கிடுங்கண்ணே, சுலபமா இருக்கும்"னேன். அவர் ஒரு நிமிஷம் முன்னாடி அடுக்கைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லல. இறக்கிட்டார்.

பாதி பாரம் குறைஞ்சாச்சு. எல்லாருக்கும் நிம்மதி. டிரைவர் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கிட்டே கிளப்பினார். மதகு ஏத்தம் வந்துச்சு. டிராக்டர் ஏறிடுச்சு, டிரெய்லர் இன்னும் சமதரையில. ஏத்தத்துக்காக கியர் மாத்தி கிளச்சை விட்டார். முன்சக்கரம் ரெண்டும் அப்படியே ஆகாசத்துக்கு எழும்பிச்சு. ஸ்டியரிங் இருந்து என்ன, தரையில சக்கரம் இல்லையே. அவர் சட்டுனு கிளச்சை மிதிச்சார். மூக்கு தொப்புனு விழுந்துச்சு. வண்டி பின்னாடி உருண்டுச்சு. டிரெய்லர் மடங்கி வாய்க்கால் கரையில சரிஞ்சுச்சு. மேல உக்காந்திருந்த லோடுமேன் அண்ணன் குதிச்சார். குதிச்ச இடத்துல ரெண்டு மூட்டை அவர் கால் மேல வந்து விழுந்துச்சு.

கால் எலும்பு ரெண்டு இடத்துல முறிவு. ஆறு மாசம் கழிச்சு நடந்தார். மூட்டை தூக்குறதுக்கு அப்புறம் அவர் வரவே இல்ல.

ஊர் என்ன சொல்லுச்சு? டிரைவர் கிளச்சை டப்புனு விட்டுட்டான். பயந்துட்டான். அன்னிக்குக் காலையில குடிச்சிருந்தான்னு கூட ஒருத்தர் கிளப்பி விட்டார். நான் கூடவேதான் இருந்தேன், அவர் டீயைத் தவிர ஒண்ணும் குடிக்கல. அந்த வாரமே அவரை நிறுத்தியாச்சு. "பாதி பாரத்தை ஏத்தத் தெரியாதவன் முழு பாரத்தை எப்படி ஏத்துவான்?"னு பெரியப்பா கேட்டதை நானும் தலையாட்டிக் கேட்டுக்கிட்டு நின்னேன்.

கணக்கு அப்ப எனக்குத் தெரியாது. ரொம்ப வருஷம் கழிச்சு, பையனுக்கு நெம்புகோல் பாடம் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நோட்டுல போட்டுப் பார்த்தேன். உங்களுக்கும் போட்டுக் காட்டுறேன், எளிமையான கணக்குதான்.

பெட்டி 10 அடி நீளம். அச்சு, பெட்டியோட நடுவுல இருந்து 1 அடி பின்னாடி. அதாவது முன்பலகையில இருந்து 6 அடி. கொக்கியில இருந்து அச்சு வரைக்கும் 10 அடி. 100 மூட்டை, மூட்டை 40 கிலோ. மொத்தம் 4000 கிலோ. சீரா அடுக்கினா பாரத்தோட மையம் அச்சுக்கு 1 அடி முன்னாடி. கொக்கி மேல விழுறது 4000 பெருக்கல் 1 வகுத்தல் 10. 400 கிலோ. சரியான அளவு.

இப்ப பின்னாடி பாதியை இறக்குங்க. மிச்சம் 2000 கிலோ. அதோட மையம் முன்பலகையில இருந்து 2.5 அடி. அச்சுக்கு 3.5 அடி முன்னாடி. 2000 பெருக்கல் 3.5 வகுத்தல் 10. 700 கிலோ!

பாரம் பாதியாச்சு. கொக்கி மேல கனம் முக்கால் மடங்கு கூடிப் போச்சு.

மாத்திப் பாருங்க. முன்னாடி பாதியை இறக்கியிருந்தா? மையம் அச்சுக்கு 1.5 அடி பின்னாடி போகும். கொக்கியை 300 கிலோ மேல தூக்கும். டிராக்டரோட பின்சக்கரத்துக்குப் பிடிமானம் போகும், இறக்கத்துல பிரேக் போட்டா டிரெய்லர் வந்து மடக்கும். அதுவும் ஆபத்துதான். அப்ப என்ன பண்ணியிருக்கணும்? பாதியை இறக்கினதும் மிச்ச மூட்டையில கொஞ்சத்தை அச்சுக்கு மேலயும் பின்னாடியும் நகர்த்தி அடுக்கியிருக்கணும். நாலு பேருக்கு அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிச்சது யாரு? நோட்டு வச்சிருந்த ஆளு.

700 கிலோ மட்டும் முன்சக்கரத்தைத் தூக்கிடுமான்னு கேட்பீங்க. சமதரையில தூக்காது. கொக்கி பின்சக்கரத்துக்கு 2 அடி பின்னாடி, டிராக்டர் சக்கரங்களுக்கு நடுவுல 6 அடின்னா முன்பக்கம் 233 கிலோ போகும். மூக்குல மிச்சம் இருக்கும். ஆனா ஏத்தத்துல டிராக்டரோட சொந்த கனமே பின்னாடி சாயும். அதோட கிளச்சை விடும்போது பின்அச்சு மூக்கை மேல சுத்தப் பார்க்கும். போதாததுக்கு எங்க வண்டியில கொக்கியை உயரமான ஓட்டையில மாட்டியிருந்தோம். கொக்கி எவ்வளவுக்கெவ்வளவு உயரமோ, இழுக்கும்போது மூக்கு அவ்வளவுக்கவ்வளவு எழும்பும். எல்லாம் சேர்ந்து ஒரே நொடியில வந்துச்சு. டிரைவர் கிளச்சை இன்னும் மெதுவா விட்டிருக்கலாம், அது உண்மை. ஆனா அவர் காலுக்குக் கீழ அந்தக் குழியைத் தோண்டி வச்சது நான்.

அந்த டிரைவர் இப்ப இல்ல. லோடுமேன் அண்ணன் இருக்கார். அவர்கிட்ட இந்தக் கணக்கைச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும் தம்பி, முன்பாரம்னு. நீங்க படிச்ச புள்ள, சொன்னா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்"னார்.

அதுக்கு மேல நான் என்னத்தை எழுத.

மச்சினன் கதைக்கு வர்றேன். அவனுக்கு நான் சொன்ன முதல் விஷயம்: "மாப்ள, எந்தக் கொக்கின்னு அப்புறம் பார்ப்போம். உன் பாரம் போற வழியில எப்படி எப்படி மாறும்னு முதல்ல எழுதி அனுப்பு."

அனுப்பினான். முன்பக்கத் தண்ணித் தொட்டி 80 லிட்டர், அச்சுக்கு 1 மீட்டர் முன்னாடி. அது நிறைஞ்சிருக்கும்போதுதான் கடையில எடை போட்டிருக்காங்க. கொக்கி மேல 200 கிலோ. நாலு நாள் தங்கிக் குளிச்சுத் துவைச்சு தொட்டி காலி. கொக்கியில 20 கிலோ போச்சு. பிள்ளைங்க சைக்கிள் ரெண்டும் போகும்போது கார் மேல, வரும்போது சோம்பேறித்தனத்துல கேரவனோட வால்ல கட்டிட்டாங்கன்னு வைங்க. 30 கிலோ, அச்சுக்கு 3 மீட்டர் பின்னாடி. இன்னும் 22 கிலோ போச்சு. 200-ல கிளம்பின ஆளு 158-ல திரும்பி வர்றான். பத்து சதவீதம் எட்டாயிடுச்சு. அதே வண்டி, அதே கொக்கி, அதே ஆளு. கேரவன் மொத்தத்துல 50 கிலோ இளைச்சுக் கூட இருக்கு. ஆனா போகும்போது அடக்கமா வந்தது, வரும்போது நெளியும்.

என் கட்சி இதுதான்: எந்த ஹிட்சா இருந்தாலும், அதை ஒரு குறிப்பிட்ட பாரத்துக்குத்தான் அளந்து முறுக்கி வைக்கிறோம். பாரம் நகர்ந்தது அந்த இரும்புக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டியவன் நாம. நுகத்தடியைத் தூக்கிப் பார்த்த அந்தக் கை எங்கயாவது இருந்தாகணும்.

அதுக்காக ஹிட்சே வேணாம்னு நான் சொல்லல. தேவைன்னா வாங்கத்தான் வேணும். வாங்குறப்ப பார்க்க வேண்டியதா அவனுக்கு நான் சொன்னது:

ஒண்ணு. கார் கையேட்டைப் படி. சில கம்பெனிக்காரங்க இந்த ஹிட்சை மாட்டவே கூடாதுன்னு போட்டிருக்காங்க. அப்படி இருந்தா கதை முடிஞ்சது, சின்ன கேரவனாப் பாரு.

ரெண்டு. கேரவன் பிரேக் எந்த வகைன்னு பாரு. கார் மெதுவாகும்போது கேரவன் முன்னாடி தள்ளி, அந்தத் தள்ளுலயே பிரேக் பிடிக்கிற வகைன்னா, ஸ்பிரிங் கம்பி அந்த நகர்வைத் தடுக்கலாம். கரண்ட் பிரேக்குன்னா அந்தத் தொல்லை இல்ல.

மூணு. கம்பியோட பலம். கடைக்காரன் 'பெருசா எடுத்துக்குங்க, பாதுகாப்பு'ம்பான். கேட்காத. 200 கிலோவுக்கு 400 கிலோ கம்பி போட்டா அது வளையாது, ஒவ்வொரு பள்ளத்துலயும் கொக்கியையும் சட்டத்தையும் போட்டு முறுக்கும். சாமான் எல்லாம் ஏத்தி, கொக்கி கனத்தை எடை போட்டு, அதை ஒட்டின அளவுல எடு.

நாலு. மாடல். சங்கிலி போட்ட உருண்டைக் கம்பி, சங்கிலி போட்ட பட்டைக் கம்பி, கம்பியே உரசிப் பிடிச்சு நெளிச்சலையும் கொஞ்சம் தடுக்கிற வகை. பாரத்தைப் பிரிக்கிற வேலையில மூணும் ஒரே ஜாதி. காத்து அடிக்கிற நெடுஞ்சாலையில அடிக்கடி போறதா இருந்தா மூணாவது. ஆனா வால் கனத்தால வர்ற நெளிச்சலுக்கு அதுவும் மருந்து இல்ல. வலி தெரியாம இருக்க மாத்திரை போடுற மாதிரி அது. மூட்டையை நகர்த்துறதுதான் வைத்தியம்.

அஞ்சு. அளவு. காரோட முன்சக்கரத்துக்கு மேல உள்ள வளைவு தரையில இருந்து எவ்வளவு உயரம்னு மூணு தடவை அள. கேரவன் இல்லாம, கேரவன் மாட்டி, கம்பியும் மாட்டி. முன்னாடியெல்லாம் பழைய உயரத்துக்கே கொண்டு வரணும்பாங்க. இப்ப நிறைய கம்பெனி, எழும்பினதுல பாதி இறங்கினாப் போதும்கிறாங்க. ரொம்ப முறுக்கினா பின்சக்கரம் லேசாகி, வளைவுல கார் வாலை வீசும். உன் வண்டிக்கு என்னன்னு கையேட்டுல பாரு. சைக்கிளை இடம் மாத்தினாலும், தொட்டி காலியானாலும் மறுபடி அள.

இதையெல்லாம் குடும்ப வாட்ஸப் குரூப்புல போட்டேனா, பிரான்ஸ்ல இருக்குற சித்தப்பா பையன் குதிச்சு வந்துட்டான். (காரைக்கால் பக்கம் பாதிக் குடும்பத்துக்கு அங்க ஒரு ஆள் இருக்கும், தெரிஞ்ச கதைதானே.) "அண்ணே, இங்க யாரும் அந்தக் கம்பியை மாட்டி நான் பார்த்ததே இல்ல, நல்லாத்தானே போறோம்?"னான். அவன் சொன்னதும் சரிதான். ஐரோப்பாவுல கொக்கி மேல பெரும்பாலும் 75-ல இருந்து 100 கிலோ வரைக்கும்தான் அனுமதி. கேரவனையே அதுக்கு ஏத்த மாதிரி லேசா, கனத்தை அச்சுக்குப் பக்கத்துல வச்சு கட்டுறாங்க. அங்க ஹிட்ச் வாங்குற இடத்துல பண்ற வேலையை கேரவன் கட்டுற இடத்துலயே முடிச்சுட்டாங்க. எனக்கு அந்த வழிதான் பிடிச்சிருக்கு.

சரி, நெடுங்காட்டுக்கு என்ன?

எங்க ஊர் ரோட்டுல அறுப்பு சீசன்ல சாயங்காலம் நின்னு பாருங்க. பிஒய் 02-ம் டிஎன் 82-ம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா, நெல்லும் வைக்கோலுமா போகும். ஒவ்வொரு மதகுலயும் முன்சக்கரம் லேசா குதிக்கும். பக்கத்துல டீ குடிக்கிறவங்க அதைப் பார்த்து, "என்னமா ஓட்டுறான்யா"ம்பாங்க. எனக்கு மட்டும் டீ இறங்காது.

டிராக்டருக்கு ஸ்பிரிங் கம்பி ஹிட்ச் வேணும்னு நான் கேட்க வரல. டன் கணக்குல போற பாரத்துக்கு அது ஆகவும் ஆகாது. நமக்கு வேணுங்கறது எல்லாம் காசு அதிகம் ஆகாத சமாச்சாரம். கொக்கியைத் தாழ்வான ஓட்டையில மாட்டுறது. பாதி வழியில இறக்கினா மிச்சத்தை நகர்த்தி அடுக்குறது. டிராக்டர் மூக்குல வெயிட் கட்டை மாட்டி வைக்கிறது. ரோட்டு வேலையே அதிகம்னா நாலு சக்கர டிரெய்லரா வாங்குறது. அதுல பாரம் டிரெய்லரோட சக்கரத்து மேலயே நின்னுடும், கொக்கி இழுக்க மட்டும்தான். சேத்துக்குள்ள போற வேலைக்கு ரெண்டு சக்கரம்தான் வசதி, பின்சக்கரத்துல கனம் விழுந்து பிடிமானம் கிடைக்கும், அதை நான் மறுக்கல. ஆனா வயலுக்கு வாங்கினதையே வருஷம் பூரா தார் ரோட்டுல ஓட்டுறோம்.

அப்புறம் பிரேக். ஆஸ்திரேலியாவுல 750 கிலோவுக்கு மேல போனாலே டிரெய்லருக்குப் பிரேக் வேணும். 2000-க்கு மேல போனா எல்லாச் சக்கரத்துலயும் பிரேக், அதோட கொக்கி கழண்டா தானாப் பிடிக்கிற ஏற்பாடு. எங்க ஊர்ல நான் பார்த்த ரெண்டு சக்கர டிரெய்லர்ல பிரேக் உள்ளதை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். அவங்க ஒரு வீட்டை இழுத்துக்கிட்டு உல்லாசமாப் போறதுக்கு இவ்வளவு யோசிக்கிறாங்க. நாம சாப்பாட்டை இழுத்துக்கிட்டுப் போறோம், மேல ரெண்டு மனுஷனையும் உக்கார வச்சுக்கிட்டு.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. மூட்டை அடுக்குற ஆளைக் கேளுங்க. அவருக்குத் தெரியும். நோட்டு வச்சிருக்குறவன் சொல்லிட்டானேன்னு அவர் வாயை மூடிக்கிட்டா, அவர் கால்தான் போகும். விபத்து ஆனதும் 'டிரைவர் சரியில்ல'ன்னு சொல்றதுக்கு முன்னாடி, கடைசியா எந்த மூட்டையை எங்க இருந்து இறக்கினீங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

மச்சினன் மூணாவது மாடலை வாங்கிட்டான். போன சனிக்கிழமை மாட்டிப் பார்த்துட்டு உயரம் மூணையும் அனுப்பினான். எழும்பினதுல சரியா பாதி இறங்கியிருக்கு. சைக்கிள் எங்கன்னு கேட்டேன். "கார் மேலதான் அத்தான், போகும்போதும் வரும்போதும்"னான்.

டிஸ்கி: மேல போட்ட அளவெல்லாம் கணக்கு புரியறதுக்காக ரவுண்டா எடுத்தது. டிரெய்லரோட சொந்த கனத்தையும் சேர்க்கல. உங்க வண்டிக்கு நீங்களே டேப் வச்சு அளந்து, எடை போட்டுப் பாருங்க. முன்பாரம் பின்பாரம் பார்க்க உங்க ஊர்ல வேற வார்த்தை, வேற வழி ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. பழைய வண்டிக்காரங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.